காற்பங்கு

பதிவுத் தபாலில் வந்தது.
மதிலுக்கு மேலால் பேனையை நீட்டி
ஒப்பம் வைக்கச் சொன்னார் தபால்காரர்.
எட்டு வருடத்துக்கு இது காணாது என்றுதான் பட்டது:
ஒரு தாள், ஒரு இலக்கம்,
எழுத்துப் பிழையில்லாத என் பெயர்.

இரண்டு தரம் இரவு பஸ்சில் கொழும்புக்குப் போய்
இரண்டு தரமும் தேய்மானத்தில் விழுந்தவள்.
கட்டடம் எப்படிக் கிழடாகிறது என்ற கணக்கு அது;
எனக்கு அதில் மட்டும் எப்போதும் கை நடுங்கும்.
மூன்றாம் முறை, வாய்மொழிப் பரீட்சை.
"விற்பனையே நடக்காத ஊரில்
ஒரு பரப்புக்கு எப்படி விலை சொல்வீர்?"
நான் தெல்லிப்பழையைச் சொல்லவில்லை.
ஒப்பீட்டு முறை, வருமான முறை, திருத்த வீதம்
என்று படித்தபடி ஒப்பித்தேன்.
இரண்டு பேர் தலையாட்டினார்கள்.
நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றி
"எந்த ஊர் நீர்?" என்றார்.

கஸ்தூரியார் வீதியில் பொஸ்கோ
றப்பர் முத்திரை வெட்டித் தந்தான்.
'பட்டய மதிப்பீட்டாளர்' என்பதில்
'ய' விழுந்துபோயிருந்தது.
பட்ட மதிப்பீட்டாளர்.
"பட்டது உண்மைதானே அக்கா,
இதையும் வைச்சிருங்கோ" என்று
இரண்டாவதற்குக் காசு வாங்கவில்லை.

முதல் கோப்பைக் கொண்டுவந்தவர் தரகர் குணசீலன்.
வங்கிக் கடனுக்கு ஈடு வைக்கும் காணி,
நாலு பரப்பு ஒன்பது குளி,
ஆமி விட்டுப்போய் ஆறு வருடம்.
கட்டணம் நாற்பதாயிரம்.
அன்று காலைதான் சந்தா நிலுவைக் கடிதமும் வந்திருந்தது.

உறுதியை வாசித்தேன்.
கிழக்கும் தெற்கும் ஒழுங்கை.
மேற்கு செல்லம்மா பெண் புவனேஸ்வரியும் பங்காளரும்.
வடக்கு நல்லைநாதன்.
இதற்குள் அடங்கிய நிலமும்
வான்பயிர் செய்பயிரும்
வடக்கெல்லைக் கிணற்றில் முக்காற்பங்கும்
வழிவாய்க்காலும்.

நல்லைநாதன் என் அப்பா.

மிச்சக் காற்பங்கு
என் சீதன உறுதியின் கடைசி வரியில் கிடக்கிறது.
கையெழுத்து வைத்த நாளில்
நான் அந்த வரிவரை வாசிக்கவில்லை.
புடவைக் கடைக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது.

போய்ப் பார்த்தேன்.
நான் பிறந்தது இடம்பெயர்ந்த பிறகு;
நினைக்க அங்கே எனக்கு ஒன்றும் இல்லை.
கட்டு இடிந்திருந்தது. கப்பி இல்லை.
நாடாவில் கல்லைக் கட்டி இறக்கினேன்:
இருபத்திரண்டு அடியில் தண்ணீர்.
அதில் எந்தக் கால் என்னுடையது என்று
எட்டிப் பார்த்தேன், வெட்கமில்லாமல்.
முழுவதிலும் என் தலைதான் தெரிந்தது.

"உங்கட பங்கை ஆர் தேடப் போகினம்?
ஒரு கையெழுத்துத்தானே பிள்ளை"
குணசீலன் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவேயில்லை.
அவர் சொன்னது பொய்யும் இல்லை.
வங்கியில் ஒருவரும்
கிணற்றுப் பங்குவரை வாசிப்பதில்லை.

இரவு கடிதம் எழுதினேன்.
'மேற்படி காணியின் கிணற்றில்
எனக்குக் காற்பங்கு உண்டு.
ஆதலால் இதற்கு விலை கூற
எனக்குத் தகுதியில்லை.'
கடைசிச் சொல்லில் பேனை நின்றது.
தகுதி வந்து பதினொரு நாள்.

முத்திரையை எடுத்துக் குத்தினேன்.
மை கூடிப்போய்
என் பெயரின் நடுவில் ஒரு குளம்.
கீழே பார்த்தால்
அவசரத்தில் எடுத்தது பழையது,
'ய' இல்லாதது.
தாளைக் கிழித்து
முதலிலிருந்து மறுபடி எழுதினேன்.

மேலாளர் தொலைபேசியில் கேட்டார்,
"அப்ப வேற ஆர் இருக்கினம்?"
சாவகச்சேரி இம்மானுவேலின் இலக்கத்தைக் கொடுத்தேன்.
என்னோடு தேய்மானத்தில் விழுந்து
எனக்கு ஒரு வருடம் முந்தி எழும்பியவர்.
நல்ல மனிதர், குளி விடாமல் அளப்பார்.

அந்தக் கிணற்றுக்கு அவர்
எவ்வளவு போடுவார் என்று அறிய ஆசை.
கேட்கக்கூடாது.
அதுவும் விதியில் இருக்கிறது.